எஸ்-17 புட்டியின் முடிவு இன்னும் வந்து சேரவில்லை

நீரையும் மண்ணையும் காற்றையும் ஆராய்கிற அறிவியலாளர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும், அவர்களுடைய நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

1991 மே மாதம். கத்திரி வெயில். பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு முற்பகலில் ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். அப்பாவிடம் போர்க்கிணறு எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, என்ன மோட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கம்ப்ரசரை ஓடவிட்டு, முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் வீணே போகவிட்டு, பிறகு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டியை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடினார்கள். மேலே மார்க்கரால் எஸ்-17 என்று எழுதினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே மூன்று பேருக்கும் நீர்மோர் கொடுத்தாள். தம்பிக்குப் பத்து மாதம். அவர்களில் வயதானவர் மோரைக் குடித்துக்கொண்டே, “குடிக்கறதும் இந்தத் தண்ணிதானாம்மா?” என்று கேட்டார். “இதேதான் சார். நல்ல தண்ணி. பருப்பு மலரா வேகும்” என்றாள் அம்மா. அவர் அதையும் எழுதிக்கொண்டார். “டெஸ்ட் பண்ணி முடிவு வந்ததும் சொல்றோம்மா” என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்கள்.

வரவில்லை. கடிதமும் இல்லை. இரண்டு மூன்று மாதம் வரைக்கும் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு வந்து பார்ப்பாள். பிறகு அவளுக்கும் மறந்துவிட்டது.

தம்பிக்குப் பால்பல் விழுந்து ஏழு வயதில் முன்பற்கள் முளைத்தன. சுண்ணாம்புப் புள்ளி வைத்தது போல வெள்ளைத் திட்டுகளோடு வந்தன. ஒரு வருஷத்தில் அவை மஞ்சளாகி, குறுக்கே பழுப்புக் கோடுகளாக ஏறின. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் ‘காவிப்பல்லன்’ என்று பெயர். உப்பு, அடுப்புக்கரி, செங்கல் பொடி என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தான், ஈறு கிழிந்து ரத்தம் வரும் வரைக்கும். என் பல் நன்றாக இருந்ததால் வீட்டில் ஒரே பேச்சு: அக்கா பல் எப்படி இருக்கு பார், நீ ஒழுங்காப் பல் விளக்கறதில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லோர் முன்னாலும் அதையே சொல்ல, அவமானம் தாங்காமல் அம்மா அவனை அடித்தாள். வேப்பங்குச்சியாலேயே அடித்தாள். அந்த அடிக்கு அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அம்மாவும் செய்யவில்லை. தப்பு என்னவென்று எழுதி வைத்திருந்த தாள் ஒரு நூலக அலமாரியில் இருந்தது.

அந்தத் தாளை நான் 2005-ல் பார்த்தேன். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். செய்முறைத் திட்டத்துக்கு நிலத்தடி நீர் என்று தலைப்பு எடுத்து, பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. அட்டவணையில் மாதிரி எண் எஸ்-17. ஆழ்துளைக் கிணறு, ஆழம், எடுத்த மாதம், வருஷம். ஃபுளோரைடு என்ற பத்தியில் லிட்டருக்கு நாலு மில்லிகிராமுக்கு மேல் ஓர் எண். இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதே அட்டவணையில் இரண்டு வரி கீழே எஸ்-19. எங்கள் ஊர் ஏரிக்கரைக் கிணறு. ஃபுளோரைடு ஒன்றுக்கும் குறைவு.

நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை. நூலகம் சாத்தும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து ஏரிக்கரைக் கிணறு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நான் இதை ஒரு தாயின் பக்கத்திலிருந்து சொல்லியாக வேண்டும். மேல்வரிசை முன்பற்களின் வெளிப்பூச்சான எனாமல் உருவாகிற முக்கியமான காலம், குழந்தைக்கு ஒன்றரை வயதாகிற சமயத்தில் தொடங்கி இரண்டரை, மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. ஈறுக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல், அந்தப் பல் அப்போதே செய்யப்பட்டுவிடுகிறது. அந்தச் சமயத்தில் குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் பல்லின் கேடும் அப்போதே விழுந்துவிடுகிறது. ஏழு வயதில் அது வெளியே வருகிறது, அவ்வளவுதான். எங்கள் பழைய கிணறு வற்றி, 1989-ல் போர் போட்டபோது எனக்கு ஆறு வயது. என் முன்பற்கள் கிணற்றுத் தண்ணீரில் உருவானவை. தம்பி பிறந்தது முதல் போர்த் தண்ணீர். கேழ்வரகுக் கூழ் அதில்தான் காய்ச்சினாள் அம்மா. ஜீப் வந்த அன்று அவனுக்குப் பத்து மாதம். சோதனைக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகியிருக்கட்டும். ஆறு மாதமே ஆகியிருக்கட்டும். அப்போதும் நேரம் இருந்தது.

அம்மா சொன்ன “பருப்பு மலரா வேகும்” என்பதை அந்த ஆய்வேட்டில் எங்காவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை. உண்மையில் அதில்தான் விஷயமே இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு அடியில் இருப்பவை பழைய கடினப் பாறைகள். அவற்றின் கருமைக்காவையும் வேறு சில கனிமங்களையும் நீண்ட காலம் தொட்டுக்கொண்டு கிடக்கிற ஆழத்து நீர் ஃபுளோரைடைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும், நீரில் தங்கவிடாது. கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில்தான் ஃபுளோரைடு ஏறிக்கொண்டே போகும். கால்சியம் குறைந்த தண்ணீர் என்றால் என்ன? பருப்பு சீக்கிரம் வேகும். சோப்பு நன்றாக நுரைக்கும். பாத்திரத்தில் வெள்ளை படியாது. எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரின் குணத்தை அறிந்து வந்த அளவுகோல் அது. அந்த அளவுகோல் ஏரித் தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் சரியாக இருந்தது. முந்நூறு அடிக்குக் கீழே போனபோது அதே அளவுகோல் எங்களை ஏமாற்றிவிட்டது. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். நாக்கும் கண்ணும் கைவிட்ட இடத்தில் எங்களுக்கு இருந்த ஒரே துணை உங்கள் கருவி. அந்தக் கருவி பார்த்துவிட்டது. பார்த்ததை எங்களிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். அந்தக் காலத்தில் கிராமத்தில் சுத்திகரிப்பு இயந்திரம் ஏது, குழாய்த் தண்ணீர் ஏது, சொல்லிப் பயமுறுத்துவதுதான் மிச்சம் என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, தோட்டத்துக்கு எல்லாம் போர்த் தண்ணீரே போதும். குடிக்கவும் சமைக்கவும் எங்கள் வீட்டுக்கு நாளைக்கு மூன்று குடம். மூன்று குடம் தண்ணீரை ஏரிக்கரையிலிருந்து சுமந்து வர அம்மாவுக்குத் தெரியாதா? பழைய கிணறு வற்றியபோது, போர் போடும் வரைக்கும் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள். “அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிங்க, இதைக் குடிக்காதீங்க.” இந்த ஒரு வரி போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஓர் அஞ்சலட்டை போதும்.

அந்த ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘பாதிக்கப்பட்ட பகுதிகளில் பாதுகாப்பான குடிநீர் வழங்க உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டும்.’ இந்த வரியை நான் அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகளில் படித்துவிட்டேன். ஊர் மாறும், மாசு மாறும், வரி மட்டும் மாறாது. மேற்கொள்ளப்பட வேண்டும், சரி. யாரால்? படிக்கிறவர் அரசாங்கம் என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கட்டுரையை அரசாங்கத்தில் யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டார்கள். செயப்பாட்டு வினையில் எழுதும்போது செய்கிறவன் காணாமல் போய்விடுகிறான். அந்த வரியை ஒரே ஒருமுறை செய்வினையில் எழுதிப் பாருங்கள். ‘நான் இந்த முடிவை இன்ன தேதியில் இன்னாரிடம் கொடுத்தேன்.’ எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

இது ஏதோ நேற்றுத் தெரிந்த விஷயமும் அல்ல. இந்தியாவில் தண்ணீரால் வரும் ஃபுளோரைடு நோயை முதன்முதலாக விரிவாக எழுதியவர்கள் நம் சென்னை மாகாணத்து ஆய்வாளர்கள். கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் அப்போது மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தின் கிராமங்களில் முதுகு வளையாமல், கழுத்து திரும்பாமல் விறைத்துப்போன மனிதர்களைப் பார்த்து, காரணம் குடிநீர்தான் என்று 1937-ல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் எழுதினார்கள். என் தாத்தா காலம் அது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, அதே மாதிரிப் பாறையைத் துளைத்து எங்கள் வீட்டுப் போர் போடப்பட்டது. போர் வண்டிக்காரருக்குத் தெரியாது, கடன் கொடுத்த வங்கிக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. கிண்டியில் தெரிந்திருந்த ஒன்று பாலக்கோட்டுக்கு வர ஒரு பகல் பேருந்துப் பயணம்தான். எழுபது வருஷத்துக்கு அருகில் ஆனது, அதுவும் என் வீட்டுக்கு நானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு, இந்த ஃபுளோரைடுக்காகவே தீட்டப்பட்டு, 2013-ல்தான் திறக்கப்பட்டது.

இனி வங்காளத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் கேட்பது, அதாவது சோதித்த முடிவை அந்தந்த வீட்டில் சொல்வது, நடக்கக்கூடியதா என்பதற்கான பதில் அங்கே இருக்கிறது.

வங்காளதேசத்தில் குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க யுனிசெஃப் உதவியோடு 1970-கள் முதல் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான், எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணுக்குள் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், தோல் மருத்துவர் கே.சி. சாகா 1980-களின் தொடக்கத்திலேயே நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்புகளையும் நெஞ்சில் மழைத்துளி விழுந்தது போன்ற கரும்புள்ளிகளையும் பார்த்து ஆர்சனிக் நஞ்சு என்று கண்டுபிடித்துவிட்டார். 1988 முதல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திபாங்கர் சக்ரவர்த்தி தன் மாணவர்களோடு ஊர் ஊராகப் போனார். தண்ணீர் மட்டுமல்ல, முடியும் நகமும் சிறுநீரும் எடுத்துச் சோதித்தார். பிறகு அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார். 2018-ல் இறக்கும் வரை ஏறத்தாழ முப்பது வருஷம் அதையே செய்தார். எனக்கு அறிவியலாளர் என்றால் அவர்.

அதே காலத்தில், 1992-ல், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்காளதேசத்தின் மத்தியிலும் வடகிழக்கிலும் சுமார் 150 கிணறுகளின் நீரைச் சோதித்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள். ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. ஆர்சனிக்கால் பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்துக்காரர் பிரிட்டனில் வழக்குப் போட்டார். 2006 ஜூலையில், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்புச் சொன்னது: அந்த ஆய்வாளர்களுக்கும் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களுக்கும் இடையே, சட்டப்படி கவனிப்புக் கடமை எழுகிற அளவு நெருக்கம் இல்லை. வழக்கு தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம், நான் சட்டம் படித்தவள் இல்லை. அந்த நிறுவனமும் பிறகு வங்காளதேச அரசோடு சேர்ந்து 3,534 கிணறுகளில் ஆர்சனிக்கைத் தேடி நாடு தழுவிய வரைபடம் போட்டது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த ‘நெருக்கம் இல்லை’ என்ற சொல் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஒருவருடைய வாசலில் நின்று, அவர் குடிக்கிற தண்ணீரை உங்கள் கையால் புட்டியில் பிடித்து, அவர் கொடுத்த மோரைக் குடித்த பிறகு, இன்னும் எவ்வளவு நெருங்க வேண்டும்?

வங்காளதேசத்தில் அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நம்பிக்கை கொடுக்கிறது. ஊழியர்கள் கிணறு கிணறாகப் போய், களச்சோதனைப் பெட்டியால் பார்த்து, ஆர்சனிக் இருக்கும் குழாயின் வாய்க்குச் சிவப்பும் இல்லாத குழாய்க்குப் பச்சையும் பூசினார்கள். சுமார் 50 லட்சம் கிணறுகள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ஆய்வறிக்கை அது. அரைஹஜார் பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி போய், உங்கள் கிணறு ஆபத்தானது என்று வீடு வீடாகச் சொன்னால் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தது. ஒரு வருஷத்துக்குள் பத்தில் ஆறு பேர் வேறு கிணற்றுக்கு மாறிவிட்டார்கள். பணம் கொடுக்கவில்லை, வடிகட்டி கொடுக்கவில்லை. தெரியப்படுத்தினார்கள். அவ்வளவே.

சொல்லாமல் இருப்பதிலும் வகைகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பட்டம், அடுத்த வேலை, இடமாற்றம் என்று போய்விட்டார்கள், எங்கள் நினைவு வரவில்லை. சிலருக்கு வாய் கட்டப்பட்டிருக்கும். ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவர் ஊரில், சிஸ்ஸோ தொழிற்சாலையின் மருத்துவமனைத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஹோசோகவா. 1956 மே 1 அன்று, கை கால் இழுத்து, பேச்சுக் குழறி வரும் நோயாளிகளைப் பற்றிச் சுகாதார அலுவலகத்துக்கு முதல் தகவல் போனது அவருடைய மருத்துவமனையிலிருந்துதான். 1959-ல், ஆலையின் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை. அக்டோபரில் அதற்கும் அதே வலிப்பு, அதே தள்ளாட்டம். நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது, முடிவு வெளியே வரவில்லை. அந்த டிசம்பரில், அந்தப் பூனைச் சோதனையின் முடிவு தெரியாத நிலையிலேயே நோயாளிகள் ஒரு சிறு தொகைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பாதரசம் கலந்த கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1970-ல், புற்றுநோயோடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபடி ஹோசோகவா அந்தப் பூனையைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். அதே ஆண்டு இறந்துபோனார்.

அந்த மனிதரை என்னால் வெறுக்க முடியவில்லை. முதலில் தகவல் சொன்னவரும் அவர், கடைசியில் உண்மையைச் சொன்னவரும் அவர். ஆனால் நடுவில் உள்ள அந்தப் பதினோரு வருஷத்தில் அந்தக் கடலில் மீன் பிடித்து, அந்த மீனைக் குழம்பு வைத்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள். அந்த வயிற்றில் உருவான குழந்தைகள் இருக்கிறார்கள். பூனைக்கு என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பயங்களை நான் சிறுமைப்படுத்தவில்லை. பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், அந்த வேலையின் நடுவில்தான் எங்கு பார்த்தாலும் ஈயம் படிந்திருப்பதைக் கவனித்தார். பெட்ரோலில் கலக்கும் ஈயம் காற்றையும் கடலையும் மனித உடலையும் நிறைக்கிறது என்று 1960-களில் சொன்னதும் எண்ணெய் நிறுவனங்களின் நிதி நின்றது, அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒப்பந்தமும் போனது. காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971-ல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு ஒரு குழு அமைத்தபோது, அதை மற்ற யாரையும்விட நன்றாக அறிந்த அவருக்கு அதில் இடமில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. இன்று உலகில் எந்த நாட்டிலும் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்கப்படுவதில்லை, கடைசி நாடு 2021-ல் நிறுத்தியது. வேதியியலாளர்கள் ரோலண்டும் மொலினாவும் குளிர்பதன வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று 1974-ல் எழுதியபோது, அண்டார்டிகாவின் ஓசோன் இழப்பை இன்னும் யாரும் அறியவில்லை, அது உலகுக்குத் தெரிந்தது 1985-ல். பத்து வருஷம் கழித்து யாராவது பார்த்து உறுதி செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கட்டுரை வந்த அதே ஆண்டிலேயே தடை வேண்டும் என்று கேட்டார்கள். 1987-ல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்ததற்கு அந்தப் பதின்மூன்று வருஷப் பேச்சும் ஒரு காரணம்.

நான் உங்களை அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. போகிறவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் நான் கேட்பது அதைவிட மிகச் சிறியது.

ஒரு மனிதரிடம் அஞ்சு மில்லி ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும், அவருடைய தாய்மொழியில் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். அதே மனிதர் தினமும் உடம்புக்குள் விட்டுக்கொள்கிற தண்ணீரை ஒரு லிட்டர் எடுக்க ஒன்றும் வேண்டாம், மோட்டாரைப் போடச் சொன்னால் போதும். இந்த வேறுபாடு எனக்கு விளங்கவே இல்லை. கிணறு ஒரு ‘மாதிரி எடுத்த இடம்’ அல்ல, அதன் மறுமுனையில் ஒரு வாய் இருக்கிறது. நெறியாளர்களே, உங்கள் மாணவர் ஆய்வேட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த எண்களை அந்தந்த வீட்டில் போய்ச் சொன்னாயா? சொல்லாத ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகங்கள் இதை விதியாகவே ஆக்கலாம்: குடிநீர் மாதிரி எடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் முடிவு சேர்ப்பிக்கப்பட்டதற்கு ஒரு பக்கம், பின்னிணைப்பில். நிதி கொடுக்கும் அமைப்புகள் பயணச் செலவில் இரண்டாவது பயணத்தையும் சேர்க்கட்டும். மாதிரி எடுக்க ஒரு நடை, சொல்ல ஒரு நடை.

ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, தவறாக இருந்தால் பீதியாகிவிடுமே என்பீர்கள். அதையும் சேர்த்தே சொல்லுங்கள். “ஒருதடவைதான் பார்த்திருக்கோம், மழைக்கு அப்புறம் இன்னொருதடவை பார்க்கணும், அதுவரைக்கும் குழந்தைக்கு மட்டும் வேற தண்ணி கொடுங்க” என்றால் எந்தத் தாய்க்கும் புரியும். மழை வருமா வராதா என்று தெரியாமலேயே விதைத்துப் பழகியவர்கள் நாங்கள். நிச்சயமில்லாத செய்தியை எப்படிக் கையாள்வது என்று எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. செய்தி வந்தால் போதும்.

வீட்டில் சொல்வதோடு முடியாது என்பதும் உண்மை. நல்ல தண்ணீர்க் கிணறு யாருடையது, அதில் யார் யார் இறங்கலாம் என்பது நம் ஊர்களில் சாதாரணக் கேள்வி அல்ல. எங்களுக்கு ஏரிக்கரைக் கிணறு திறந்திருந்தது. அதே ஊரில், காலனியில் இருந்தவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. அவர்கள் குழந்தைகளின் பற்கள் தம்பியின் பல்லைவிட மோசம். ஆகவே அந்தத் தாளின் ஒரு நகல் ஊராட்சிக்கும், ஒன்று ஆட்சியர் அலுவலகத்துக்கும், ஒன்று ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும், ஒப்புகைச் சீட்டோடு. ஒரு கிராமத்துப் பெண் எழுதும் மனுவுக்கும், பல்கலைக்கழக முத்திரையோடு வரும் ஒரு பக்கத்துக்கும் அந்த மேசைகளில் கிடைக்கிற மரியாதை ஒன்றல்ல. அந்த முத்திரை உங்களிடம் இருக்கிறது.

நான் இப்போது பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுற்றியுள்ள ஊர்களில் களச்சோதனைப் பெட்டியோடு போகிறேன். குப்பியில் தண்ணீரை ஊற்றி வினைப்பொருளைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு மாறி மஞ்சள் பக்கம் போகப் போக ஃபுளோரைடு அதிகம். அது துல்லியமான கருவி இல்லை, உங்கள் ஆய்வகத்து மின்முனைக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது. ஆனால் நிறம் மாறியதைப் பார்த்த வீட்டில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. பிள்ளைகள் ஒரு சின்ன அட்டையில் தேதியும் அளவும் எழுதிப் போர் மோட்டார் பெட்டியில் ஒட்டிவிட்டு வருகிறார்கள். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இதே பெட்டியைக் கையாளப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பெண்களோடு நீங்கள் சேர்ந்துகொண்டால், சந்தேகமான மாதிரிகளை வாங்கிச் சரிபார்த்துக் கொடுத்தால், அது எவ்வளவு பெரிய வேலையாக இருக்கும்!

தம்பிக்கு இப்போது பெண் குழந்தை இருக்கிறாள். எங்கள் தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. வராத நாளில் ஏரிக்கரைக்குப் போகிறோம். பாப்பாவுக்கு முன்பல் நான்கும் வெள்ளையாக முளைத்திருக்கின்றன. தம்பி அவளைச் சிரிக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறான், அவன் மட்டும் இன்னும் உதட்டை மூடித்தான் சிரிக்கிறான். அம்மாவுக்கு முதுகு வளையவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் தூக்க வேண்டும். பல வருஷம் வாதம் என்று மாத்திரை கொடுத்தார்கள், அந்தக் காலத்தில் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

நூலகத்தில் அந்த அட்டவணையைப் பார்த்ததை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வேப்பங்குச்சி அடியை நினைத்து அன்று அழுதாள். ஆனால் அந்த மூன்று பேரைத் திட்டவில்லை. “வெயில்ல வந்தாங்க பாவம், வேலை மும்முரத்துல மறந்திருப்பாங்க” என்றாள்.

உங்களில் யாராவது 1991 கோடையில் எங்கள் பக்கம் வந்திருந்தால், அல்லது அதற்குப் பிறகு எந்த ஊரிலாவது ஒரு புட்டியில் எண் எழுதி எடுத்துப் போயிருந்தால், அந்தக் குறிப்பேடு இன்னும் உங்களிடம் இருக்கும். தேடி எடுங்கள். அளவுக்கு மேல் இருந்த ஊர்களைக் குறித்துக்கொண்டு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். மோர் இருக்கும். முடிவைத் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அம்மாவுக்குக் கண் மங்கல்.

அன்புடன்,
எஸ்-17 வீட்டுப் பெண்
தர்மபுரி மாவட்டம்